ஆயிரம் குச்சியும் ஒரு மோலும்: சங்கமித்ராவுக்கு

என் அருமை மித்ரா,

நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கதைப் புத்தகம் படித்துப் படித்து, எதைச் சொன்னாலும் ஜரிகை வைத்துச் சொல்கிறேன் என்று நீ கேலி செய்வாய். இதில் ஜரிகை கிடையாது.

உனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. முதல் வகுப்பிலிருந்தே கன்னடப் பள்ளி. அதனால் இதை உன் அம்மாதான் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். நூலகத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வேறு எதுவும் எழுத வரவில்லை, உனக்கு எழுதுவதையே கொடுத்துவிடப் போகிறேன். மற்றவர்களும் கேட்கட்டும். நீ என்றைக்கு ரகசியம் பேசினாய்? ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிதானே பேசுவாய்?

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு சயின்ஸை விட்டு ஆர்ட்ஸுக்கு மாறிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேதியியல் மேடத்திடமும் சொல்லிவிட்டேன். அது என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கடிதம்.

நான் சயின்ஸ் எடுத்ததே உனக்காகத்தான் என்பது உனக்குத் தெரியும். பத்தாவது முடிவு வந்த அன்று, ப்ளஸ் ஒன் சேர பங்காரப்பேட்டை காலேஜ் வாசலில் நின்றுகொண்டு, வரலாறு படிக்கப்போகிறேன் என்று சொன்னேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய்: “இன்னாடி, அப்போ நான் யார்கூட சண்ட போட்டுப் படிக்கிறது? சண்ட போடாம எனக்கு ஒண்ணுமே மண்டைல ஏறாது.” அந்த ஒரு காரணத்துக்காக நான் சயின்ஸில் சேர்ந்தேன். வேறு யாராவது இப்படிச் சேர்ந்திருப்பார்களா?

வேதியியலில் முதல் பாடமே மோல். உனக்கு ஞாபகம் இருக்கும். மேடம் ஆங்கிலத்தில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை சொன்னார். நான் இலக்கணச் சூத்திரம் மாதிரி அதை மனப்பாடம் செய்தேன். ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு, பெருக்கல் பத்தின் அடுக்கு இருபத்து மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கணக்கு என்று வந்தால் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

காலேஜுக்குப் போக நான் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி ஜன்னலோரத்தில் உனக்கு இடம் பிடித்து வைப்பேன். நீ கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாய். ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலை சாம்பல் நிறத்தில் கிடக்கும். “சயனைடு ஒரு மோலு எவ்ளோ, சொல்லு பார்க்கலாம்” என்பாய். சோடியம் இருபத்து மூன்று, கார்பன் பன்னிரண்டு, நைட்ரஜன் பதினான்கு என்று நான் விரலை மடக்குவதற்குள், நாற்பத்தொன்பது என்று கத்துவாய். பேசுவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில், பெருக்குவது மட்டும் கன்னடத்தில். “எரடெரட்ல நால்கு” என்று ஈரிரண்டு நான்கை உதடு அசைய நீ பெருக்கும்போது, எதிர் சீட்டில் சீட்டு ஆடுகிறவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போதும் கன்னடத்தில்தான் பெருக்குகிறாயா?

பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போகிற சரளா அக்கா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாரே:

“ஏ பொண்ணுங்களா, தினம் மோலு மோலுன்றீங்களே, அது இன்னா கிலோவா, லிட்டரா?”

“டஜன் மாதிரிக்கா. எண்ணிக்கை” என்றாய்.

“அப்போ ஒரு மோல் தங்கம் எவ்ளோ வரும்?”

நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னாய்: “நூத்தித் தொண்ணூத்தியேழு கிராமு. பவுனுக்கு எட்டு கிராம்னா, கிட்டத்தட்ட இருபத்தஞ்சு பவுன்.”

“யம்மாடி! என் தம்பிக்குப் பொண்ணு பாக்கறோம். பொண்ணுக்கு எத்தினி மோல் போடுவீங்கன்னு கேக்கச் சொல்றேன்.”

“உங்க தம்பிக்கு அர மோல் இரும்பு போட்டா போதும்க்கா. அம்பத்தாறுல பாதி, இருபத்தெட்டு கிராமு.”

சரளா அக்கா உன் முதுகில் ஒன்று வைத்தார். பெட்டியே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே, இவளுக்கு மட்டும் எப்படி இது இவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று உன் வீட்டில்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை, உன் அம்மா, நான் சுஜாதா அத்தை என்று கூப்பிடுகிற உன் அம்மா, முற்றத்தில் சாக்கு விரித்து ஊதுபத்தி காயவைத்துக்கொண்டிருந்தார். மூங்கில் குச்சி ஏஜென்டிடமிருந்து கிலோக் கணக்கில் வரும். உருட்டிய பத்தி ஆயிரம் ஆயிரமாகக் கட்டிப் போக வேண்டும். ஆயிரம் குச்சியை யார் உட்கார்ந்து எண்ணுவது? நூறு மட்டும் எண்ணி எடை போட்டுக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் தராசிலேயே எண்ணிவிடுகிற வேலை உன்னுடையது. நீ ஒரு வெறும் குச்சியை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

“இது கார்பன். மேல அம்மா உருட்டற கரி மாவு ஆக்சிஜன். ரெண்டும் சேர்ந்தா பத்தி. குச்சி எட, மாவு எட, ரெண்டையும் கூட்டினா பத்தி எட. அதான் மூலக்கூறு எட. வெறுங்குச்சி ஆயிரம் அரக் கிலோகூட வராது. பத்தி ஆயிரம் ஒரு கிலோவுக்கு மேல. ஆனா ரெண்டும் ஆயிரம்தானே? ஆயிரம்ன்றதுதான் மோல். எண்ணிக்க மாறாது, இன்னா பொருளுன்றத பொறுத்து எட மாறும். அவ்ளோதான்டி. இதுக்குப் போயி பேனாவத் தின்ற.”

மித்ரா, உண்மையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது பாதிதான். ஆனால் முதன்முறையாக அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துப் பயம் போனது. அதுவும் ஒரு கட்டுதான். ரொம்பப் பெரிய கட்டு.

மீதிப் பாதி தேர்வில் கிடைத்தது, அதுவும் தப்பாகப் போட்டதால். சலவைச் சோடாப் படிகம் நூற்று நாற்பத்து மூன்று கிராமில் எத்தனை மோல் என்று கேட்டிருந்தார்கள். சோடாவுக்கு நூற்றாறு என்று வைத்து வகுத்துவிட்டேன். அந்தப் படிகத்துக்குள் பத்துத் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருப்பதை, கேள்வியிலேயே ஒரு புள்ளி வைத்து எழுதியிருந்தும், நான் பார்க்கவில்லை. பத்துப் பதினெட்டு நூற்றெண்பது. அதையும் சேர்த்தால் இருநூற்று எண்பத்தாறு. விடை சரியாக அரை மோல். நீ சரியாகப் போட்டிருந்தாய். நான் அந்தத் தேர்வில் தேறவே இல்லை. ரயிலில் என் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு நீ சொன்னது பெட்டிக்கே கேட்டது:

“காயாத பத்திய காஞ்ச பத்தி கணக்குல எண்ணி வச்சிருக்கா பாரு இவ!”

அதற்கு அடுத்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. உனக்கு ஜுரம் வந்தது. ஜுரம் வந்த அன்று காலையில்கூட, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாய்: “யாருமே எட போடாதப்போ, ஒரு மூலக்கூறுக்கு எட இருக்குமாடி?” நான் பதில் சொல்வதற்குள் பங்காரப்பேட்டை வந்துவிட்டது. அதன் பிறகு நாம் ரயிலில் சேர்ந்து போகவில்லை. டெங்கு என்றார்கள். அதைப் பற்றி மேலே எழுதமாட்டேன். உனக்குத் தெரியாததா?

நீ போன அன்று உன் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிப் பஞ்சசீலம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பாலி மொழி வரிகள் தெரியாது. ஆனாலும் எல்லோருடனும் சேர்ந்து முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்து வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன. சண்டை போட ஆள் இல்லாமல் யாருக்காக இதைப் படிப்பது? அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. “உனக்கு எது வருதோ அதப் படிம்மா” என்றார். மேடம் மட்டும், தேறாதவர்களுக்கு மறுதேர்வு திங்கட்கிழமை இருக்கிறது, அன்றைக்கே மாறுவதற்கான கடிதத்தைக் கொண்டு வா, அதற்கு மேல் தாமதமானால் முடியாது என்றார்.

கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ இழுத்துக்கொண்டு வந்த இடத்திலிருந்து கிளம்புகிறேன், உன் வீட்டில் சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? சனிக்கிழமை கோரமண்டலில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

உன் வீட்டு வாசலில் சத்தம். ஏஜென்ட் ரேணுகம்மா நனைந்த குடையோடு நின்றுகொண்டிருந்தார். காலடியில் பத்திக் கட்டுகள். எதிரில், பூதிகோட்டையிலிருந்து வந்து தங்கியிருக்கும் உன் பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பெண்கள்தான், பாதியில் நின்றுபோன வேலையை உட்கார்ந்து முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா உள்ளே பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“துக்க வீடுன்னுதான் ரெண்டு நாள் பொறுத்தேன்” என்றார் ரேணுகம்மா. “கட்டுக்கு ஆயிரத்து நூறு கிராம் வரணும். ஒண்ணுலயும் வரல. எண்ணிப் பாத்தா நூறு குச்சிக்கு மேல கம்மி. இத்தன வருஷத்துல சுஜாதா இப்படிப் பண்ணதில்ல.”

“யாரப் பாத்து கம்மின்ற? எழவு வூட்ல ஒக்காந்து கை தேய உருட்னது நாங்க. ஒவ்வொரு கட்டையும் எட போட்டுத்தான் கட்னோம். அதோ, எங்க புள்ள எழுதி வச்சது செவுத்துல கீது பாரு. அதுல ஒரு கிராம் கொறைக்கல.”

“அப்போ என் தராசு பொய் சொல்லுதா?”

“ஆமா, சொல்லுது. அத இன்னா சத்தியம் பண்ணச் சொல்லி வாங்கினியா?”

நான் சுவரைப் பார்த்தேன். தராசுக்கு மேலே, பச்சை ஸ்கெட்ச் பேனாவில், உன் சாய்ந்த கையெழுத்து. 100 = 110 g. அவ்வளவுதான். நூறு பத்தி நூற்றுப்பத்து கிராம். அதைப் பார்த்து, உன் மேல் இருந்த நம்பிக்கையில், பெரியம்மா கட்டுக்கு ஆயிரத்து நூறு கிராம் எடை போட்டுக் கட்டியிருக்கிறார்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. ரேணுகம்மாவும் பொய் சொல்லவில்லை. இரண்டு தராசும் சரி. பிறகு குச்சி எங்கே போயிற்று?

நடுவில் யாராவது உன் குரலில் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! யாரும் கத்தவில்லை. நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே கொடியில் ஈரத் துணி தொங்குகிற மாதிரி ஈரக் காற்று. மூலையில் சாக்கில் கிடந்த பத்தியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. நூறு எண்ணித் தராசில் வைத்தேன். சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினேன். நூற்று இருபத்தைந்து கிராம்.

“பெரியம்மா, மழைல இது காயவே இல்ல” என்றேன். “தண்ணியையும் சேத்து எட போட்டிருக்கீங்க. காஞ்சது நூறு நூத்திப்பத்து கிராமு. ஈரமா இருந்தா நூத்தியிருபத்தஞ்சு. நீங்க வச்ச ஆயிரத்து நூறுல எண்ணூத்தி எண்பதுதான் இருக்கும். நூத்தியிருபது கொறையும். அங்க போயி காஞ்சதும் எடையும் கொறஞ்சுடும்.”

ரேணுகம்மா கட்டு ஒன்றைப் பிரித்தார். நானும் அவரும் ஆளுக்குப் பாதியாக எண்ணினோம். எண்ணூற்று எழுபத்தொன்பது. ஒன்று எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது, மித்ரா. உடைந்திருக்கலாம். உண்மையை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டதால் எண்ணூற்று எண்பது என்று எழுத மனம் வரவில்லை.

“அய்யோ, யாரு மேலயும் தப்பில்லையா?” என்றார் ரேணுகம்மா, ஏமாந்துபோனவர் மாதிரி. பிறகு குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். “சுஜாதா, நான் பேசினத மனசுல வச்சுக்காத.”

அப்போதுதான் உன் அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்தார். “மழ நாள்ல அவதான் வாரத்துக்கு ஒரு தடவ எட போட்டு, அழிச்சி அழிச்சி எழுதுவா. இந்த வாட்டி எழுதல” என்றார்.

பெரியம்மா பரபரப்பாக ஈரத் துணியை எடுத்தார். “அத அழிச்சிட்டு புது நம்பர எழுதும்மா” என்று சுவரிடம் போனார்.

“அக்கா, கை வைக்காத!”

உன் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மா துணியோடு அப்படியே நின்றுவிட்டார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அது உன் கையெழுத்து. ஆனால் அது இருந்தால் கட்டு மறுபடியும் தப்பும். மழை இன்னும் விடவில்லை.

நான் ஸ்கெட்ச் பேனாவைத் தேடி எடுத்தேன். உன் 110 g-க்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, நடு உயரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் ‘15 g தண்ணி’ என்று எழுதினேன்.

“அது இன்னாது, புள்ளி?” என்றார் உன் அம்மா.

“சோடாப் படிகத்துக்கு இப்படித்தான் எழுதுவாங்க, அத்த. இந்தப் பக்கம் சோடா, அந்தப் பக்கம் தண்ணி. தண்ணி ஒட்டிக்கினு இருக்குது. காஞ்சா போயிடும். இந்தப் பக்கம் இருக்கறது அப்படியே இருக்கும். அத அழிக்க வேணாம். வாரா வாரம் தண்ணிய மட்டும் மாத்தினா போதும்.”

அத்தை அந்த வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, “இரு, டீ போடறேன்” என்றார். நீ போன பிறகு அவர் அடுப்பைப் பற்றவைத்தது அன்றைக்குத்தான் என்று பெரியம்மா என் காதில் சொன்னார்.

டீ குடித்துவிட்டு எல்லாருமாகக் கட்டுகளைப் பிரித்து நிரப்பினோம். ரேணுகம்மாவும் சேர்ந்துகொண்டார். நான் ஆர்ட்ஸுக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது ஜரிகை. மறக்கவில்லை. ஒவ்வொரு கட்டை எடை போடும்போதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த எடையை நான் போட்டுக்கொண்டிருந்தேன், என் கை போட்டுக்கொண்டிருந்தது, எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை. இதை விட்டுவிட்டு எங்கே போகப்போகிறேன் என்று இருந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன்.

“மாறல பா.”

“இன்னா ஆச்சு? நேத்து வரைக்கும் ஆர்ட்ஸ் ஆர்ட்ஸ்னு அழுத.”

“நேத்து வரைக்கும்தான் பா.”

“நல்லா யோசிச்சியா? அப்புறம் பாதில வந்து நிக்கக் கூடாது.”

“சண்ட போட ஆளு இல்லாம கஷ்டமா இருக்கும்.”

“உங்கம்மா இருக்கறாளே” என்றார். அம்மா கரண்டியைக் காட்டினார்.

திங்கட்கிழமை மறுதேர்வு. நீலத் துத்தம் கேட்டார்கள். அரை மோல் படிகத்தில் எத்தனை கிராம் தண்ணீர்? ஒரு மோலில் ஐந்து தண்ணீர், பாதிக்கு இரண்டரை, பெருக்கல் பதினெட்டு, நாற்பத்தைந்து கிராம். நான் அதைத் தமிழில்தான் பெருக்கினேன், உன்னை மாதிரி உதடு அசைத்து. ஆக்சிஜன் கணக்கு ஒன்றில் மட்டும், மூலக்கூறைக் கேட்டால் அணுவைக் கணக்குப் போட்டு வைத்துவிட்டேன். ஆனாலும் தேறிவிட்டேன். தாளைக் கொடுக்கும்போது மேடம் கையை நீட்டி, “எல்லம்மா, ஆர்ட்ஸ் லெட்டர்?” என்று கன்னடத்தில் கேட்டார், எங்கே கடிதம் என்று. “கொடல்ல மேடம்” என்றேன். கொடுக்க மாட்டேன் என்று நான் ஒரு ஆசிரியரிடம் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மித்ரா, நமக்குள் நன்றி சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. சொன்னால் “இன்னாடி புதுசா” என்பாய். இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். வரலாறு படிக்கப் போனவளை இழுத்து வந்ததற்கு நன்றி. என் தப்பை ரயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினதற்கு நன்றி. நீ மெதுவாகச் சொல்லியிருந்தால் அது எனக்கு அன்றைக்கே மறந்துபோயிருக்கும். நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தெரியவில்லை. மேடத்திடம் கேட்டேன், அடுத்த வருஷம் படிப்பாய் என்றார். யாரும் எடை போடாதபோதும் எடை இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் எந்தக் கணக்கையும் மனப்பாடம் செய்ய மாட்டேன். எதை எண்ணுகிறோம், அதோடு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். புரியாவிட்டால் புரியவில்லை என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரிச் சொல்வேன். இரண்டாம் வருஷமும் சயின்ஸ்தான். விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைவிட இரண்டு மாதம் மூத்தவளான உன் அக்கா,
கீர்த்தனா

பின்குறிப்பு: நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் சொல்ல இருந்தது. மூடுகிற நேரம் ஆகிவிட்டது, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.